கேப்ஸ் லாக் விளக்கு சொன்னது

(மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நடந்த பணியிடைப் பயிற்சியில் கணினி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு வரும் அமர்வை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அழைப்பில் என் தலைப்பு ‘இயக்க அமைப்பின் கெர்னலில் பிழை தேடும் கருவிகள்: ஓர் ஒப்பீடு’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், ‘எனக்கு இதில் என்ன வேலை டீச்சர்?’ என்று தேநீர் இடைவேளையிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அவரையும் மனத்தில் வைத்துத்தான் பேசப்போகிறேன். கருவிகளின் பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை. முதலில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 14 கணினிகள் இருந்தன. எல்லாம் பழையவை, எல்லாவற்றிலும் லினக்ஸ். பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்திருந்த மாணவன் கையைத் தூக்கினான். திரை உறைந்து நின்றது. எழுதிய பைத்தான் நிரல் சேமிக்கப்படவில்லை. அதே வாரத்தில் அவனிடம் அது இரண்டாவது முறை.

‘என்ன அமுக்கின?’ என்றேன்.

‘ஒண்ணும் அமுக்கல மிஸ். அதுவா நின்னுடுச்சு. கேப்ஸ் லாக் லைட்டு மட்டும் விட்டு விட்டு எரியுது மிஸ்.’

‘சாக்குச் சொல்லாத.’

இந்த மாணவனைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது. திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவான், கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பான், எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான். அதனால் நான் விசாரிக்கவே இல்லை, தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். அவர் கொத்தனார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, தலைமையாசிரியர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார். மகன் சார்பில் என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

அடுத்த வாரம் அதே ஏழாம் கணினியில் ஒரு மாணவியை உட்கார வைத்தேன். சொன்னதைத் தவிர ஒரு விசையைக்கூடக் கூடுதலாகத் தொடாத பிள்ளை. இருபதாவது நிமிடம் திரை உறைந்தது. அப்போதுதான் நான் விசைப்பலகையைப் பார்த்தேன். கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கு எரிவதற்குப் பொருள் உண்டு. கெர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அதன் வேலை. நம் மாணவர் எழுதும் பைத்தான் நிரலில் பிழை வந்தால், இந்த வரியில் இன்ன பிழை என்று திரையில் செய்தி வருகிறது. அந்தச் செய்தி திரைக்கு வர அடியில் கெர்னல் விழித்திருக்க வேண்டும். கெர்னலே விழுந்துவிட்டால் செய்தியை யார் எழுதுவது? வட்டில் எழுத முடியாது. வரைகலைத் திரை பழைய படத்தோடு அப்படியே நிற்கும். அந்த நிலையில் லினக்ஸ் கெர்னலால் செய்ய முடிந்த சில காரியங்களில் ஒன்று, விசைப்பலகை விளக்குகளை மின்ன வைப்பது. ‘பேனிக்’ என்று அதற்குப் பெயர். பழைய உருண்டை முனை விசைப்பலகைகளில் இது தெரியும், யூ.எஸ்.பி. விசைப்பலகைகளில் பொதுவாகத் தெரியாது. எங்களிடம் இருந்தது உருண்டை முனை. ‘நான் விழுந்துவிட்டேன், பயனர் செய்த குற்றம் அல்ல’ என்று கெர்னல் தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறது. மாணவன் அதைச் சரியாகப் பார்த்து என்னிடம் அறிக்கை கொடுத்திருக்கிறான். நான் அதைச் சாக்கு என்று சொன்னேன்.

பிறகுதான் கருவிகளைத் தேடத் தொடங்கினேன்.

கெர்னலில் பிழை தேடும் கருவிகளில் மூத்தது செய்தி எழுதிப் பார்ப்பதுதான். பைத்தானில் சந்தேகம் வந்த இடத்தில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார் என்று மாணவர்களிடம் சொல்கிறோம் இல்லையா, கெர்னலிலும் அதே. அங்கே அதன் பெயர் பிரிண்ட்கே. அது எழுதும் செய்திகள் நினைவகத்தில் ஒரு வட்டத் தாங்கியில் சேரும். ‘டிமெசேஜ்’ என்ற கட்டளை கொடுத்தால் படிக்கலாம். செய்திகளுக்கு 0 முதல் 7 வரை முக்கியத்துவ எண் உண்டு. 0 என்றால் வீடு பற்றி எரிகிறது, 7 என்றால் சும்மா ஒரு தகவல். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு டிமெசேஜ் பார்த்தேன். புதிய தொடக்கத்தின் செய்திகள் மட்டும் இருந்தன. முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டைத் திறந்தேன். விழுவதற்குச் சற்று முன்வரை எல்லாம் நலம் என்றது. கடைசி வாக்குமூலம் நினைவகத்தில் இருந்தது, மின்சாரம் நின்றதும் போய்விட்டது.

அடுத்து நான் கண்ட கருவிக்கு நெட்கன்சோல் என்று பெயர். பள்ளி ஆய்வகத்துக்கென்றே செய்தது போல் இருக்கும். கெர்னல் தன் செய்திகளை வட்டுக்கு அனுப்பாமல், நெட்வொர்க் கம்பி வழியே பக்கத்துக் கணினிக்கு நேரடியாக வீசிவிடும். நாம் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. லினக்ஸிலேயே அது இருக்கிறது, கம்பி ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. ஏழாம் கணினியில் நெட்கன்சோலை ஏற்றினேன். எட்டாம் கணினியில் வருவதைக் கேட்டுக் கோப்பில் எழுதும் ஒரு வரிக் கட்டளை. எல்லா முக்கியத்துவ எண்களும் வெளியே போகும்படி அளவை மாற்றி வைக்க வேண்டும். முதல் நாள் அதை மறந்து ஒரு விழுகையை வீணாக்கினேன். இதற்கும் குறைகள் உண்டு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத அஞ்சல் முறை என்பதால் கடைசி வரி தொலையலாம். விழுவது நெட்வொர்க் இயக்கியாகவே இருந்தால் இது உதவாது. வைஃபையில் பெரும்பாலும் வேலை செய்யாது.

ஒன்பது நாளில் மூன்று வாக்குமூலங்கள் சிக்கின. இந்த வாக்குமூலத்துக்குக் கெர்னல் உலகில் ‘ஊப்ஸ்’ என்று பெயர். விளையாட்டுப் பெயர்தான், ஆனால் ஒழுங்கான ஆவணம். என்ன வகைப் பிழை, எந்தச் செயற்கூறில் நடந்தது, அந்தச் செயற்கூறை அழைத்தது யார், அவரை அழைத்தது யார், அந்த நொடியில் செயலியின் பதிவகங்களில் என்ன எண்கள் இருந்தன என்று எல்லாம் அதில் இருக்கும்.

மூன்றையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் முறை விழுந்தது கோப்பு அமைப்பின் ஒரு செயற்கூறில். இரண்டாம் முறை நினைவகம் ஒதுக்கும் இடத்தில். மூன்றாம் முறை திரைக்குரிய இயக்கியில். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. மென்பொருள் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில், அல்லது ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப விழும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீட்டில் திருட்டு என்றால், வீடுகளை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்க வேண்டும்.

பிறகு பதிவக எண்களைப் பார்த்தேன். இந்த வகை 64 பிட் செயலிகளில் கெர்னலின் நினைவக முகவரிகள், பதினாறு நிலை எண்ணாக எழுதினால், வரிசையாக நான்கு ‘எஃப்’ எழுத்துகளோடு தொடங்கும். ஒரு வாக்குமூலத்தில் அந்த நான்கில் இரண்டாவது இடத்தில் ‘எஃப்’ இல்லை, ‘பி’ இருந்தது. ‘எஃப்’ என்றால் 1111. ‘பி’ என்றால் 1011. ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. பதினோராம் வகுப்பில் எண் முறைகள் பாடத்தை எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறேன்! ‘இது எதுக்கு மிஸ் உதவும்?’ என்று யாராவது ஆண்டுதோறும் கேட்பார்கள். மதிப்பெண்ணுக்கு என்று பதில் சொல்லிவந்தேன். அன்று அந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதுவது போலவே 1111, 1011 என்று எழுதிப் பார்த்தேன்.

நிரல் தவறாக எழுதப்பட்டால் முகவரி முழுவதும் குப்பையாகும், அல்லது பூச்சியமாகும். ஒரு பிட் மட்டும் கவிழ்ந்தால் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். மெம்டெஸ்ட் என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள். இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றிச் சோதித்து, மாற்றிப் போட்டுச் சோதித்து, எது கெட்டது என்று கண்டோம். அழிப்பானால் தொடர்பு முனைகளைத் துடைத்தும் பலன் இல்லை. செத்துப்போன இன்னொரு கணினியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் போட்டோம். ஏழாம் கணினி அதன் பிறகு உறையவில்லை. கழிவு செய்ய வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது ஒருவர் கேட்டார்: ‘இருப்பதிலேயே சிறந்த கருவி எது? அதை மட்டும் கற்றுக்கொள்கிறேன்.’ அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதில்தான் மற்றக் கருவிகளைப் பழகினேன்.

புத்தகத்தில் படித்தவர்கள் சிறந்தது என்று நினைப்பது நிறுத்தப் புள்ளி வைக்கும் கருவியை. ஜி.டி.பி. போன்ற பிழைத்திருத்தி. நிரலை ஓரிடத்தில் நிறுத்தி, மாறிகளைப் பார்த்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். கெர்னலுக்கு இதைச் செய்ய கே.ஜி.டி.பி. என்று ஒன்று உண்டு. கெர்னலை நிறுத்தினால் அந்தக் கணினியே நின்றுவிடும் என்பதால், இரண்டாவது கணினியிலிருந்து தொடர் கம்பி வழியே அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அதன் தம்பி கே.டி.பி. அதே கணினியின் விசைப்பலகையிலிருந்தே கேள்வி கேட்கவிடும், ஆனால் மூல நிரல் வரிகளைக் காட்டாது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த வகைக் கருவியைக் கெர்னலில் சேர்க்கப் பல ஆண்டுகள் மறுத்தார். 2000ஆம் ஆண்டில் அதுபற்றி வெளிப்படையாகவே எழுதினார். பிழைத்திருத்தி கையில் இருந்தால் ஆட்கள் நிரலைப் புரிந்துகொள்ள முயலாமல், விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. கடைசியில் 2008இல் வந்த 2.6.26 பதிப்பில் கே.ஜி.டி.பி. சேர்ந்தது, 2010இல் கே.டி.பி. சேர்ந்தது. ஆசிரியராக எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. விடைக்குறிப்பைப் பார்த்து விடையை மட்டும் திருத்திக்கொள்ளும் மாணவனை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆனால் விடைக்குறிப்பே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் சொன்னது கடுமைதான் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் இதைக் காட்ட இரண்டு கணினியும் தொடர் கம்பியும் தேவையில்லை. கியூஎமு என்ற மென்பொருளில் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிட்டு, 1234 என்ற முனை வழியே ஜி.டி.பி.யை இணைக்கலாம். உள்ளே இருக்கும் கெர்னலை எத்தனை முறை கொன்றாலும் வெளியே இருப்பதற்குக் காயம் இல்லை. முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு ஏற்பாட்டை மட்டும் தொடக்கத்தில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நிறுத்தப் புள்ளி எங்கோ போய் உட்காரும். எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நிறுத்தும் கருவிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. ஆய்வு அலுவலர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நம் வகுப்பு எப்படி இருக்கும்? அது நம் அன்றாட வகுப்பா? (சிரிப்பு.) கெர்னலும் அப்படித்தான். இரண்டு வேலைகள் ஒரே நொடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் வரும் பிழைகள் உண்டு. நிறுத்தப் புள்ளி வைத்தவுடன் நேரம் மாறிவிடும், முட்டல் நடக்காது, பிழை மறைந்துவிடும். பார்த்தால் ஒளிந்துகொள்ளும் இவற்றை இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரால் ‘ஹைசன்பக்’ என்கிறார்கள். ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் 1985இல் எழுதிய ஓர் அறிக்கையில் இந்தச் சொல் வருகிறது.

பிரிண்ட்கேவும் இதில் குற்றமற்றது அல்ல. தொடர் கம்பியில் நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அனுப்பினால், 80 எழுத்து உள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லி வினாடி ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. கெர்னலுக்கு அது ஒரு பாடவேளை. பழைய 9,600 வேகம் என்றால் இன்னும் 12 மடங்கு. ஒரு வரி எழுதியதாலேயே பிழை ஓடி ஒளிந்த கதைகள் ஏராளம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் எஃப்ட்ரேஸ். ஸ்டீவன் ரோஸ்டெட் என்பவர் முன்னின்று உருவாக்கியது. இது எதையும் நிறுத்தாது. கெர்னலில் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்பட்டது என்பதை நினைவகத்திலேயே விறுவிறுவென்று குறித்துக்கொண்டு போகும். ஒரு குறிப்புக்கு ஆகும் நேரம் மில்லி வினாடிக் கணக்கில் இல்லை, மைக்ரோ வினாடிக் கணக்கில். தனி மென்பொருள் நிறுவ வேண்டியதில்லை. ஒரு கோப்புறையில் இருக்கும் சில கோப்புகளில் எழுதினால் தடம் பதியும், இன்னொரு கோப்பைப் படித்தால் தெரியும். பதினோராம் வகுப்புக்கு இதைக் காட்டிப் பாருங்கள். ஒரு சின்னக் கோப்பைச் சேமிக்கக் கெர்னலுக்குள் எத்தனை செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கின்றன என்று திரை நிரம்பி ஓடும். இயக்க அமைப்பின் பணிகள் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ததை அங்கே கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த நல்ல கருவி பிறந்த வேளையில் ஒரு விபரீதம் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2008 செப்டம்பர். எஃப்ட்ரேஸ் முதன்முதலாகச் சேர்ந்த 2.6.27 பதிப்பு சோதனையில் இருந்தது. அதைச் சோதித்த சிலரின் கணினிகளில் இன்டெல்லின் ஒருவகை நெட்வொர்க் சில்லு வேலை செய்யாமல் போனது. மறுதொடக்கம் செய்தாலும் எழவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் எழவில்லை. சில்லுக்குள் இருக்கும் அழியா நினைவகத்தில் அதன் அடையாளமும் அமைப்புகளும் எழுதப்பட்டிருக்கும், அந்த எழுத்தே சிதைந்திருந்தது. மென்பொருள் பிழை வன்பொருளையே முடக்கியது என்பதால் பெரிய பரபரப்பு. சந்தேகம் முதலில் இ1000இ என்ற அந்தச் சில்லின் இயக்கி மேல்தான் விழுந்தது. சேதமானது அதன் பொருள், அதனால் குற்றவாளியும் அதுவே. சில லினக்ஸ் வழங்கல்கள் தங்கள் சோதனைப் பதிப்பில் அந்த இயக்கியை முடக்கிவைத்தன. வரைகலைப் பகுதி மேலும் சந்தேகம் போயிற்று.

உண்மையில் நடந்தது வேறு. எஃப்ட்ரேஸ் கண்காணிப்பதற்காக ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் ஒரு சின்ன அழைப்பு இருக்கும். கண்காணிப்பு இல்லாத நேரத்தில் அது வீண் சுமை. எனவே எஃப்ட்ரேஸ் அந்த அழைப்புகளின் முகவரிகளை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வோர் இடமாகப் போய் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளையை அங்கே எழுதிவிடும். ஓர் இயக்கி ஏற்றப்படும்போது தொடக்க வேலைக்கென்று மட்டும் சில செயற்கூறுகள் வரும். வேலை முடிந்ததும் அவற்றின் இடம் காலி செய்யப்படும். ஆனால் எஃப்ட்ரேஸின் பட்டியலில் அந்த முகவரி நீக்கப்படாமல் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன மாணவனின் பெயர் நம் வருகைப் பதிவேட்டில் அப்படியே கிடப்பது போல.

காலியான அந்த முகவரி பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. சில நேரம் அந்த வேறு ஒருவர், நெட்வொர்க் சில்லின் அழியா நினைவகத்துக்குத் திறக்கும் சன்னல். எஃப்ட்ரேஸ் தன் பட்டியலைப் பார்த்து அங்கே போனது. கண்மூடித்தனமாக எழுதவும் இல்லை, பாவம். ‘நான் எதிர்பார்க்கும் கட்டளை இங்கே இருந்தால் மட்டும் மாற்று’ என்ற பாதுகாப்பான கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் இந்தச் செயலிகளில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்து எண் பொருந்தாவிட்டாலும், இருந்த மதிப்பையே திரும்ப ஒருமுறை எழுதும். சாதாரண ரேமில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. சாதனத்தின் சன்னலில் எழுதுவது அப்படி அல்ல, அங்கே அது ஓர் ஆணை. சில்லின் நினைவகம் சிதைந்தது.

பிழையைப் பிடிக்க வந்த கருவியே பிழை. இ1000இ இயக்கியின் மேல் குற்றமில்லை. அழியா நினைவகத்தைப் பூட்டி வைக்காமல் திறந்து விட்டிருந்தது என்பதைத் தவிர. 2.6.27 அக்டோபர் 9 அன்று வெளியானது. சில நாள்களில் வந்த 2.6.27.1 பதிப்பு எஃப்ட்ரேஸின் அந்தப் பகுதியை அணைத்துவைத்தது. அடுத்த பதிப்பில் ரோஸ்டெட் முறையையே மாற்றினார். ஓடும்போது பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, நிரல்பெயர்ப்பின்போதே பட்டியல் தயாராகிவிடும். இன்று உலகெங்கும் நம்பிப் பயன்படுத்துவது அந்தத் திருத்திய எஃப்ட்ரேஸைத்தான். அவர் தன் பிழையை மறைக்கவில்லை, எப்படி நடந்தது என்று விளக்கினார். இந்தக் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பதும் அதனால்தான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கேடம்ப் என்பது, விழும் கெர்னலுக்குப் பக்கத்தில் ஓர் உதிரிக் கெர்னலை முன்கூட்டியே நினைவகத்தில் உறங்க வைப்பது. முதலாவது விழுந்ததும் இரண்டாவது எழுந்து, இறந்தவரின் நினைவகத்தை அப்படியே வட்டில் சேமிக்கும். ‘க்ராஷ்’ என்ற கருவியால் அதைப் பிறகு நிதானமாகப் பிரேதப் பரிசோதனை செய்யலாம். சேவையகங்களுக்கு அருமையான ஏற்பாடு. நம் பழைய கணினிகளில் உதிரிக் கெர்னலுக்கு நினைவகம் ஒதுக்குவதே சுமை. கேசான், தவறான நினைவக அணுகலைச் செய்த கணத்திலேயே பிடிக்கும். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்கு எழுதி வைப்பதால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், வேகமும் குறையும். கெர்னலை உருவாக்குபவர்களுக்கு அது பொக்கிஷம், நமக்குத் தேவைப்படாது. பி.பி.எஃப்.ட்ரேஸ் புதியது. ஓடும் கெர்னலிடம் ஒரே வரியில் கேள்வி கேட்கலாம், உதாரணமாக எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று. நாம் கேட்கும் கேள்வி கெர்னலைக் கெடுக்காதா என்று ஒரு சரிபார்ப்பி முன்கூட்டியே சோதித்துத்தான் உள்ளே விடும்.

கிட் பைசெக்ட்டை மட்டும் அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அது நம் பாடம். போன பதிப்பில் சரியாக இருந்தது, இந்தப் பதிப்பில் கெட்டுவிட்டது. நடுவில் பதினாயிரம் மாற்றங்கள். எது காரணம்? நடுவில் இருப்பதை எடுத்துச் சோதி. நன்றாக இருந்தால் குற்றம் பின்பாதியில், கெட்டிருந்தால் முன்பாதியில். 14 சோதனைகளில் ஒரே ஒரு மாற்றத்தில் போய் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் நடத்தும் இருமத் தேடல், ஓர் எழுத்துகூட மாறாமல். கெர்னலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இதைச் செய்யலாம் என்பதே இதன் அழகு. ரேம் அட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டபோது நான் செய்ததும் இதுவே, அப்போது பெயர் தெரியாது.

ஆக, சிறந்தது எது என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்னது: முதலில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கணினி செத்து விழுந்ததா, மெதுவானதா, நேற்று சரியாக இருந்து இன்று கெட்டதா? விழுந்தால் நெட்கன்சோல் அல்லது கேடம்ப். மெதுவானால் எஃப்ட்ரேஸ். நேற்று சரியென்றால் பைசெக்ட். உள்ளே எப்படி ஓடுகிறது என்று கற்கத்தான் ஆசை என்றால் கியூஎமுவில் ஜி.டி.பி. கேள்வி தெரியாமல் கருவி எடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன், முதல் வாரத்தில் நானே அப்படித்தான் இருந்தேன். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முதன்மைப் பயனர் கடவுச்சொல் வேண்டும். ஆய்வகக் கணினியின் கடவுச்சொல்லை மாணவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், கியூஎமுவுக்குள் கொடுங்கள்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். ரேம் மாற்றிய அன்று அவனை ஆய்வகத்துக்கு அழைத்து மூன்று வாக்குமூலங்களையும் காட்டினேன். தவறு என்னுடையது என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னேன். அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இந்த பி எப்படி மிஸ் வந்துச்சு?’ என்று கேட்டான். மன்னிப்பைவிட அதுதான் அவனுக்கு முக்கியமாகப் பட்டது. அவன் அப்பாவுக்குத் தொலைபேசினேன். வேலையிடத்துச் சத்தத்தில் நான் சொன்னதை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ‘அன்னைக்கே சொன்னான் டீச்சர், லைட்டு எரிஞ்சுச்சுன்னு. நான்தான் வாத்தியார் சொன்னா சரியா இருக்கும்னு அவன ரெண்டு சாத்து சாத்திட்டேன்’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒரு 40 பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஏதாவது நடந்தால் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களே எழுத வேண்டும். நேரம், கடைசியாகச் செய்தது, திரையில் தெரிந்தது, விளக்குகள், சத்தம். யார் கெடுத்தது என்ற கட்டம் அதில் இல்லை. முதல் மாதம் ‘கம்ப்யூட்டர் சரியில்லை’ என்று மட்டும் எழுதினார்கள். இப்போது ‘10.40, கோப்பைத் திறந்தேன், மின்விசிறி சத்தம் கூடியது, சுட்டி நகர்ந்தது ஆனால் சொடுக்கவில்லை, கேப்ஸ் லாக் மின்னவில்லை’ என்று எழுதுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு பாதி வேலையை முடித்துவிடலாம். தூசி அடைத்த மின்விசிறி ஒன்றை இப்படித்தான் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கண்டுபிடித்தாள்.

தேநீர் இடைவேளையில் கேள்வி கேட்ட அம்மா புன்னகைக்கிறார், எனவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்து அறையில் நான்கு கணினிகளில் கியூஎமு தயாராக இருக்கிறது. உள்ளே இருக்கும் கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்யும் ஒரு சின்ன நிரலும் எழுதி வைத்திருக்கிறேன். இருவர் இருவராக வாருங்கள். ஒருவர் கெர்னலை விழ வைக்கட்டும், மற்றவர் வாக்குமூலத்தைப் படிக்கட்டும், பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள்.